இறைச்சியைக் குறைக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் இறைச்சி சாப்பிட்டு வளர்ந்தவள். ருசி பிடிக்காமல் விட்டவள் இல்லை. வறுபடும் வாசனை வந்தால் இன்றைக்கும் மூக்கு அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்கிறது. முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைத்து, அப்புறம் வீட்டில் சமைப்பதை நிறுத்தி, கடைசியில் பாலையும் முட்டையையும் விட்டு முடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் உறவினர்கள், நண்பர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான். சிலர் வாதத்துக்குக் கேட்டார்கள், பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முழுக்க விட்டால்தான் பலனா? குறைத்தால் போதாதா?

குறைத்தாலே பலன் உண்டு. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "முழுசா விட என்னால் முடியாது, அதனால் ஆரம்பிக்கவே வேண்டாம்" என்று ஒதுங்கிப் போனவர்கள் நிறையப் பேர். தினம் இரண்டு வேளை இறைச்சி சாப்பிடுகிறவர் வாரத்துக்கு இரண்டு வேளை என்று ஆக்கிக்கொண்டால் பதினான்கில் பன்னிரண்டு போய்விட்டது. மிச்சமிருக்கிற இரண்டைப் பிடித்துக்கொண்டு அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே அளவு சாப்பிடுகிற நான்கு பேர் பாதியாகக் குறைத்தால், அவர்களில் ஒருவர் மட்டும் முழுக்க விடுவதைப்போல இரண்டு மடங்கு குறையும்.

சொற்களையும் இங்கேயே பேசிவிடலாம். சைவம் என்று சொன்னால் பாலும் வெண்ணெயும் உள்ளே வந்துவிடும். நனிசைவம், அதாவது வீகன், என்றால் பால், முட்டை, தேன் என விலங்கிடமிருந்து வருகிற எதுவும் கிடையாது. வீகன் என்ற சொல் 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரைச் சேர்ந்த சிலரும் உண்டாக்கியது. தாவர உணவு என்பது இன்னும் தளர்வான பேச்சு: தட்டில் பெரும்பகுதி தானியம், பயறு, காய்கறி, பழம், கொட்டை, விலங்கு உணவு இருந்தால் ஓரமாக, கொஞ்சமாக. நான் பெரும்பாலும் பேசப்போவது இதைத்தான்.

சரி, எதற்காகக் குறைக்க வேண்டும்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள்.

எனக்கு அந்த ஒரே காரணம் விலங்குகள்.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 8,000 கோடிக்கும் மேற்பட்ட நிலவாழ் விலங்குகள் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கோழிகள். மீன்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைத் தலைக்கணக்காக எண்ணுவதில்லை, டன் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

இவ்வளவு பெரிய எண் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு முட்டைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏ4 தாளைத் தரையில் வையுங்கள். அதன் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய விதி கூண்டுக்கோழி ஒன்றுக்குக் குறைந்தபட்சமாக வைத்திருந்தது 550. அந்தத் தாளைவிடச் சின்ன இடத்தில், சரிவான கம்பித் தரையில், ஒரு வருடத்துக்கு மேல் அது நிற்க வேண்டும். கோழி என்றால் இறக்கையை விரிக்கும், காலால் மண்ணைக் கிளறும், புழுதியில் புரளும், முட்டையிடும் நேரம் வந்தால் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் தேடி அலையும். தாளைப் பார்த்துக்கொண்டே யோசித்தால் இதில் ஒன்றுகூட முடியாது என்பது புரியும். அந்த வகைக் கூண்டை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடைசெய்தது. பதிலுக்கு வந்த 'மேம்படுத்தப்பட்ட' கூண்டில் 750 சதுர சென்டிமீட்டர், அதாவது தாளைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். உலகின் பல பகுதிகளில் பழைய கூண்டே இன்னும் இருக்கிறது.

இறைச்சிக்கோழியின் கதை வேறு. பெரும்பாலும் கூண்டு கிடையாது, கொட்டகைதான், ஆனால் ஆயுள் சுமார் ஆறு வாரம். அதற்குள் எடை போட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம். உடம்பு வளருகிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் நொண்டுகிறவை நிறைய. அளவில் பெரிய கோழியாக இருந்தாலும் வயதில் அது குஞ்சு.

ஒரு நாள் சிக்னலில் என் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பிளாஸ்டிக் கூடைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, உள்ளே வெள்ளைக் கோழிகள். ஒன்று கம்பி வழியாகத் தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடித் திறந்தது. கோழிக்குக் கீழ் இமைதான் மேலே ஏறி மூடும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன், அவ்வளவு பக்கத்தில் இருந்தது. விளக்கு பச்சையானதும் லாரி போய்விட்டது. அன்றைக்கே நான் எதையும் விட்டுவிடவில்லை. ஆனால் வேண்டாம் என்று முதன்முதலாக நினைத்தது அந்த இடத்தில்தான்.

காலநிலைக்கும் என் தட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிலத்திலிருந்து ஆரம்பித்தால் சுலபமாகப் புரியும். ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இருவர் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் திரட்டி, 2018-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எல்லாம் சேர்ந்து உலகின் விவசாய நிலத்தில் 83 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன, திருப்பித் தருவது உலகம் உண்ணும் கலோரியில் 18 சதவீதம், புரதத்தில் 37 சதவீதம் என்று அதில் வந்தது. ஏன் இப்படி என்றால், ஒரு விலங்கு தின்பதில் பெரும்பகுதி அதன் உடல் சூட்டுக்கும் நடமாட்டத்துக்கும் எலும்புக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. போனது போக மிஞ்சுவதுதான் நம் தட்டுக்கு வருகிறது. நடுவில் விலங்கு இல்லாமல் பயறை நேராக நாம் சாப்பிட்டால் இந்த இழப்பே கிடையாது.

அடுத்தது மீத்தேன். மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன், ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 27 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்; இருபது ஆண்டுக் கணக்கில் அது 80 மடங்கு. ஆனால் மீத்தேன் காற்றில் தங்குவது சராசரியாக 12 ஆண்டுதான். கரியமில வாயு அப்படிப் போகாது, நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அதனால் மீத்தேனை இன்று குறைத்தால் அதன் பலனை நம் வாழ்நாளிலேயே பார்க்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் நம்பிக்கை தருகிற ஒரே தகவல் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

அதே 2018 ஆய்வின்படி இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் கிடைக்கச் சராசரியாக 50 கிலோ அளவுக்குக் கரியமில வாயுவுக்குச் சமமான வாயுக்கள் வெளியாகின்றன. சோயாப் பாலைத் திரட்டிச் செய்யும் டோஃபுவுக்கு 2 கிலோ. பட்டாணிக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. "நான் பக்கத்துப் பண்ணையில்தான் வாங்குகிறேன்" என்று சொல்கிறவர்களுக்கு: உணவால் வரும் மொத்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எங்கிருந்து வந்தது என்பதைவிட என்ன சாப்பிடுகிறோம் என்பதற்குத்தான் கனம் அதிகம்.

மனிதர்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் கால்நடைகளின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. 2023-இல் புதிய கணக்கில் அதையே சுமார் 12 சதவீதம் என்றது. எதை எடுத்தாலும் சின்னத் தொகை இல்லை.

மாட்டிறைச்சியை நிறுத்திவிட்டுக் கோழிக்கு மாறிவிட்டேன். அது போதுமே?

காலநிலையை மட்டும் பார்த்தால் நல்ல மாற்றம்தான், வாயு வெளியேற்றம் பல மடங்கு குறையும். ஆனால் ஒரு மாட்டிலிருந்து 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கும், ஒரு கோழியிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோ. அதே எடைக்கு நூறு கோழிக்கு மேல் சாக வேண்டும், அதுவும் எல்லா வளர்ப்பு விலங்குகளிலும் மோசமான வாழ்க்கை வாழ்கிறவற்றில் ஒன்று. அதனால் மாட்டிறைச்சியை எடுத்த இடத்தில் கோழியை வைக்காமல் பயறை வையுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

மேய்ச்சல் மாடு என்றால் பரவாயில்லையா?

விலங்குக்கு அது நிச்சயமாக நல்ல வாழ்க்கை, அதை மறுக்க மாட்டேன். பயிர் விளையாத புல்வெளிகளும் இருக்கின்றன, அங்கே கால்நடையை நம்பி வாழும் மேய்ச்சல் சமூகங்களும் இருக்கின்றன. சந்தையில் பத்து வகைப் பயறு வாங்க வசதியுள்ள நமக்குச் சொல்வதை அவர்களுக்குச் சொல்வது நியாயமில்லை. ஆனால் இன்றைக்கு உலகம் சாப்பிடுகிற அளவை மேய்ச்சலிலேயே தருவதற்கு நிலம் இல்லை. புல் மட்டும் தின்னும் மாடு எடை போட அதிக நாள் எடுக்கும், அத்தனை நாளும் மீத்தேன் வந்துகொண்டிருக்கும். அமேசான் காடு அழிவதற்குத் தலையாய காரணமே மாட்டு மேய்ச்சல்தான்.

அமேசான் சோயாவால்தானே அழிகிறது? சோயா சாப்பிடுகிறவர்கள் நீங்கள்தானே?

உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது. டோஃபு, சோயாப் பால் என்று மனிதர்கள் நேரடியாகச் சாப்பிடுவது ஏறத்தாழ 7 சதவீதம். மீதி பெரும்பாலும் எண்ணெய்க்கும் எரிபொருளுக்கும்.

பண்ணைகளால் மனிதர்களுக்கு நோய் வரும் என்கிறார்களே?

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது ஆன்டிபயாட்டிக். நெருக்கமாக அடைத்த விலங்குகளுக்கு நோய் வராமலிருக்கவும், சில இடங்களில் வேகமாக வளரவும் தீவனத்திலேயே மருந்து கலக்கிறார்கள். மருந்து தொடர்ந்து பட்டால் அதற்குத் தப்பும் பாக்டீரியாக்கள் பெருகும். கோலிஸ்டின் என்பது மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று. அதையும் எதிர்த்து நிற்கிற, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய எம்சிஆர்-1 என்ற மரபணு சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015-இல் தெரியவந்தது. அங்கே பன்றிகளுக்கு அந்த மருந்தைத் தீவனத்தில் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, விலங்கிலிருந்து தாவும் வைரஸ்கள். 1998-99-இல் மலேசியாவில் நிப்பா வைரஸ் பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிப் பண்ணைகளுக்கும் அங்கிருந்து பண்ணைத் தொழிலாளர்களுக்கும் வந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றுதான் அதை நிறுத்தினார்கள்.

பாலுக்கும் முட்டைக்கும் யாரையும் கொல்வதில்லையே?

நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். மாடு கன்று போட்டால்தான் பால் சுரக்கும். பெரிய பால் பண்ணைகளில் வருடத்துக்கு ஒரு கன்று என்று சினைப்படுத்துகிறார்கள், பிறந்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ கன்றைப் பிரித்துவிடுகிறார்கள், காளைக்கன்றாக இருந்தால் பண்ணைக்கு அதனால் உபயோகமில்லை. பால் குறைந்ததும் தாயும் வெட்டுக்குத்தான் போகிறது. முட்டைத் தொழிலில், முட்டையிலிருந்து பொரிந்து வரும் குஞ்சுகளில் பாதி சேவல். முட்டையும் போடாது, இறைச்சி இனம் போல எடையும் போடாது என்பதால் ஒரு நாள் வயதிலேயே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி இதை 2022 ஜனவரியிலிருந்து தடைசெய்தது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன.

எதை முதலில் குறைப்பது என்று கேட்டால், இறைச்சியையும் கூண்டு முட்டையையும் என்பேன். பால் எனக்குக் கடைசியாகத்தான் போனது.

மீனுக்கு வலி தெரியுமா?

தெரியும் என்பதற்கான சான்றுகள் பலமாகிக்கொண்டே வருகின்றன. 2003-இல் லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரும் உடன் இருந்தவர்களும் டிரவுட் மீனின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகளைக் கண்டார்கள். உதட்டில் அமிலமோ தேனீ விஷமோ ஏற்றிய மீன்கள் இரையை விட்டு விலகின, மூச்சு வேகமானது, உடலை ஆட்டிக்கொண்டே கிடந்தன, சில உதட்டைத் தொட்டியின் சரளைக் கல்லில் தேய்த்தன. அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொள்வது நாமும் செய்வதுதான்.

உடம்புக்கு உண்மையிலேயே நல்லதா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் இங்கே மிகைப்படுத்திப் பேசுகிறவர்கள் அதிகம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியை, அதாவது சாசேஜ், பேக்கன், ஹாம் போன்றவற்றை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சியை 'அநேகமாக உண்டாக்கலாம்' என்ற பிரிவில் வைத்தது. பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று பகிர்கிறார்கள், அது தப்பு. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அளப்பதில்லை. புகையிலையின் ஆபத்து இதைவிடப் பல மடங்கு.

2023-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 22 ஜோடி ஒத்த இரட்டையர்களை எடுத்து, ஒருவருக்கு நனிசைவமும் மற்றவருக்கு இறைச்சி கலந்த ஆரோக்கியமான உணவும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மரபணு ஒன்றே என்பதால் வித்தியாசம் உணவால் வந்தது என்று சொல்வது எளிது. நனிசைவம் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கூடுதலாகக் குறைந்திருந்தது.

இனி மறுபக்கம். பிரிட்டனில் பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், இறைச்சி சாப்பிடுகிறவர்களைவிட சைவர்களுக்கு இதய நோய் 22 சதவீதம் குறைவு, ஆனால் பக்கவாதம் 20 சதவீதம் அதிகம் என்று 2019-இல் வந்தது. அதே ஆய்வுத் தொகுப்பிலிருந்து அடுத்த வருடம், நனிசைவர்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம் என்றும் வந்தது. காரணம் புரதம், கால்சியம் குறைவாக இருந்ததும் உடல் எடை குறைவாக இருந்ததுமாக இருக்கலாம் என்கிறார்கள். இதை மறைத்துவிட்டு உங்களை அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இறைச்சியை எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வெள்ளை ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் குளிர்பானமும்கூடத் தாவர உணவுதான்.

புரதம் எங்கிருந்து வரும்?

பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம். அறுபது கிலோ இருப்பவருக்கு 48 கிராம். வேகவைத்த பருப்போ பயறோ ஒரு கோப்பையில் 15 முதல் 18 கிராம் இருக்கும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு, மீதி தானியத்திலிருந்தே வந்துவிடும். வயதானவர்கள், உடற்பயிற்சி கடுமையாகச் செய்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது தாராளம். பயறில் குறைவாக இருக்கும் மெதியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் சேர்க்க வேண்டும் என்று முன்பு சொன்னார்கள், ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும் என்பது இப்போதைய புரிதல். கார்ல் லூயிஸ் 1991-இல் டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 விநாடியில் ஓடி உலக சாதனை செய்த வருடம் அவர் நனிசைவ உணவில் இருந்தார். அதனால்தான் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தசைக்கு இறைச்சி கட்டாயம் என்று நினைப்பவர்கள் அவரை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

வைட்டமின் பி12?

இந்த ஒரு பதிலை மட்டும் தயவுசெய்து தவிர்க்காமல் படியுங்கள்.

பி12-ஐச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாதான் செய்கிறது. மாட்டின் இரைப்பையில் உள்ள பாக்டீரியா செய்வதை மாடு சேர்த்து வைத்துக்கொள்கிறது, அது இறைச்சி வழியாக நமக்கு வருகிறது. தாவர உணவில் நம்பி இருக்கிற அளவுக்கு அது இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

நான் பாலும் முட்டையும் விட்டு இரண்டு வருடம் எந்த மாத்திரையும் எடுக்கவில்லை. காய்கறி இவ்வளவு சாப்பிடுகிறோமே, என்ன குறையப்போகிறது என்ற நினைப்பு. முதலில் களைப்பு, வேலைப்பளு என்று விட்டேன். அப்புறம் ராத்திரியில் பாதம் மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருக்கும். ஒரு நாள் குளிக்கும்போது தண்ணீர் சுடுகிறதா என்பதே வலது கால் விரல்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, அன்றைக்குத்தான் பயந்தேன். ரத்தப் பரிசோதனையில் பி12 மிகவும் கீழே இருந்தது. ஊசி போட்டு, பிறகு மாத்திரைக்கு மாறி, முழுக்கச் சரியாக ஏழெட்டு மாதம் ஆனது. இன்னும் தாமதித்திருந்தால் நரம்பில் ஏற்பட்ட பாதிப்பு நிரந்தரமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். உடம்பில் பி12 சேமிப்பு சில வருடத்துக்கு வரும், அதனால் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. கீரை, பயறு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால் ரத்தசோகை தலைகாட்டாமல் நரம்பு மட்டும் கெடவும் வாய்ப்பு உண்டு.

பெரியவர்களுக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. மாத்திரையிலிருந்து உடம்பு கொஞ்சம்தான் உறிஞ்சும் என்பதால் நனிசைவர்களுக்குத் தினம் 10 மைக்ரோகிராமாவது, அல்லது வாரத்துக்கு ஒரு முறை 2,000 மைக்ரோகிராம் என்று பரிந்துரைக்கிறார்கள். இறைச்சியை மட்டும் குறைத்து பால், முட்டை தொடர்கிறவர்களும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரும்புச்சத்து குறையாதா?

கவனம் இல்லாவிட்டால் குறையும், முக்கியமாக மாதவிடாய் வரும் வயதில் இருப்பவர்களுக்கு. தாவரத்தில் உள்ள இரும்பை உடம்பு இறைச்சியில் உள்ளதைப் போல எளிதில் உறிஞ்சாது. அதற்கு வைட்டமின் சி துணை வேண்டும்: பயறின் மேல் எலுமிச்சை பிழிவது, கூடவே தக்காளி, குடைமிளகாய், ஆரஞ்சு. டீயும் காபியும் இரும்பை உறிஞ்ச விடாமல் தடுக்கும், அதனால் சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி மீதும் ஒரு கண் இருக்கட்டும். ஒமேகா-3க்கு ஆளி விதை, வால்நட். மீன் எண்ணெயில் இருக்கும் அதே டிஎச்ஏ என்ற ஒமேகா-3 வகை கடல்பாசி எண்ணெயிலும் கிடைக்கிறது, மீனுக்கே அது பாசியிலிருந்துதான் வருகிறது.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் பிரச்சினை வருமா?

சோயாவில் இருப்பது தாவர ஈஸ்ட்ரோஜன், நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜன் போல அது வேலை செய்வதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேர இடைவெளி விடுங்கள்.

பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறதே?

பாதிப் பேர் கைவிடுவது இதனால்தான், நியாயமான காரணம்தான். பயறில் உள்ள சில சர்க்கரைகளைச் சிறுகுடலால் செரிக்க முடியாது, பெருங்குடலில் உள்ள பாக்டீரியா அவற்றைத் தின்று வாயுவை விடுகிறது. வழி என்னவென்றால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கொண்டைக்கடலை சத்தமில்லாமல் நசுங்க வேண்டும், நடுவில் வெள்ளையாக மாவு தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். முதல் வாரம் நாளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும், தோல் நீக்கிய பருப்பில் ஆரம்பித்து மெல்ல முழுப் பயறுக்கு வாருங்கள். சில வாரத்தில் குடல் பழகிவிடும்.

ராஜ்மா எனப்படும் சிவப்பு பீன்ஸில் மட்டும் எச்சரிக்கை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் அதில் உள்ள லெக்டின் நச்சு கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரத்தில் நேராகப் போடாதீர்கள். ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்த பிறகு மற்றதெல்லாம்.

இறைச்சி மாதிரியே செய்து விற்கிறார்களே, அது?

மாறுகிற காலத்துக்கு நல்ல ஊன்றுகோல். உப்பு அதிகமாக இருக்கும், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பயறு அளவுக்குச் சத்தானது என்று நினைத்துத் தினமும் சாப்பிட வேண்டாம்.

குழந்தைகள், கர்ப்பிணிகள்?

முடியும், ஆனால் என்னைப் போன்ற ஒருவர் எழுதியதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வளர்கிற உடம்பில் பி12, இரும்பு, அயோடின், கால்சியம் குறைந்தால் விளைவு பெரியவர்களுக்கு வருவதைவிடக் கடுமையாக இருக்கும். உணவியல் நிபுணரையும் டாக்டரையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். நாம் எடுக்கும் முடிவை அந்தக் குழந்தை சுமக்கும் என்பதால் இதில் நான் கறாராகத்தான் இருப்பேன்.

செடிக்கும் உயிர் இருக்கிறதே?

இருக்கிறது. வலியை உணரும் நரம்பும் மூளையும் இல்லை. ஒருவேளை செடிக்கும் வலிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், விலங்கு வழியாகச் சாப்பிடும்போது தீவனமாகப் போகும் செடி இன்னும் பல மடங்கு.

வீட்டில் மற்றவர்கள் விடவில்லை. என்ன செய்வது?

வாதாடாதீர்கள், சமையுங்கள். சாப்பிடும்போது பண்ணைக் கொடுமை பற்றிப் பேசி நான் யார் மனதையும் மாற்றியதில்லை, ஒரு முறை என் தங்கை தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனதுதான் மிச்சம். அவள் மாறியது வேறு வழியில். காளானை நன்றாகக் காய்ந்த சட்டியில் எண்ணெய் இல்லாமல் போட்டு, காளானிலிருந்தே வெளிவரும் தண்ணீர் வற்றிய பிறகு எண்ணெயும் உப்பும் சேர்த்து, ஓரம் பழுப்பாகும்வரை கிளறாமல் விட்டேன். முதலிலேயே உப்பு போட்டால் தண்ணீரிலேயே வெந்து சவசவ என்று ஆகிவிடும். அவள் நின்றபடியே பாதியைக் காலி செய்துவிட்டு, "இது எப்படிச் செஞ்சே?" என்று கேட்டாள். இப்போது வாரத்தில் நான்கு நாள் அவள் வீட்டில் இறைச்சி இல்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஏற்கெனவே நீங்கள் விரும்பிச் சாப்பிடும், தற்செயலாக இறைச்சி இல்லாத உணவுகளைப் பட்டியல் போடுங்கள். ஐந்தாறாவது வரும். புதுச் சமையல் தேடுவதற்கு முன் அவற்றையே அடிக்கடி செய்யுங்கள். அப்புறம் ஒரு வேளையைத் தேர்ந்தெடுத்து, தினமும் அந்த வேளை மட்டும் இறைச்சி இல்லை என்று வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் என்று வைப்பதைவிட இது எனக்கு எளிதாக இருந்தது, ஏனென்றால் இன்றைக்கு அந்த நாளா இல்லையா என்று யோசிக்க வேண்டியதில்லை. பதப்படுத்திய இறைச்சியை முதலில் வெட்டுங்கள். வாரக் கடைசியில் ஒரு பெரிய பாத்திரம் பயறு வேகவைத்துப் பிரித்து உறைய வையுங்கள். பசியோடு வீடு திரும்பும் நாளில் அது கைகொடுக்கும். நடுவில் ஒரு விருந்தில் சாப்பிட்டுவிட்டால் அதோடு எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம், அடுத்த வேளை வழக்கம் போல.

என் பூனைக்கும் தாவர உணவு கொடுக்கலாமா?

பூனைக்கு வேண்டாம். அது முழு இறைச்சியுண்ணி. டாரின் என்ற சத்தை நம்மைப் போலத் தன் உடம்பிலேயே போதுமான அளவு செய்துகொள்ள அதற்கு முடியாது, அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். நாய் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அதன் கிண்ணத்தில் இன்றைக்கும் மீன்தான்.